கல் குவாரி லாரிகளும் கிராமச் சாலைச் சந்திப்புகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

குவாரி விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்டால் கூடவே ஒரு போக்குவரத்து அறிக்கையும் வைக்க வேண்டியிருக்கும். அந்த அறிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி முடியும்: சந்திப்புகளின் கொள்ளளவில் பாதிகூட நிரம்பவில்லை, ஆகவே குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. அந்தக் கணக்கில் பொதுவாகப் பிழை இருக்காது. ஆனால் கிராமச் சாலையில் கொள்ளளவு எப்போதுமே மிஞ்சித்தான் கிடக்கும். நெரிசலே இல்லாத இடத்தில் நெரிசலை அளந்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதுவதில் என்ன இருக்கிறது? லாரிகளால் வரும் பாதிப்பு வேறு இடங்களில் இருக்கிறது. அதை எப்படித் தேடுவது என்று ஒரு மாதிரி நிகழ்வை வைத்துப் பார்க்கலாம்.

இங்கே வரும் குவாரியும் சாலைகளும் ஆய்வுக்காக அமைத்துக்கொண்டவை. வண்டி எண்ணிக்கைகளும் அப்படியே. கணக்கு முறைகளும் வடிவமைப்பு அளவுகளும் மட்டும் நடைமுறையில் இருப்பவை. வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

ஆண்டுக்கு 2 லட்சம் டன் கல் எடுக்கும் குவாரி அதை 6 லட்சம் டன்னாக உயர்த்த விரும்புகிறது. குவாரியின் வாசல் ஒரு கிராமச் சாலையில் திறக்கிறது. அந்தச் சாலை வீடுகளும் பள்ளியும் உள்ள ஒரு நாற்சந்தியைத் தாண்டி, கடைசியில் இருவழி நெடுஞ்சாலை ஒன்றில் முச்சந்தியாகச் சேர்கிறது. ஆக, பார்க்க வேண்டிய சந்திப்புகள் மூன்று. குவாரி வாசலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே வேகம் குறைவு, ஆட்களும் குறைவு, நிலமும் குவாரியுடையது. சிக்கல் மற்ற இரண்டில்தான்.

லாரிகள் எத்தனை?

ஆண்டுக்கு 6 லட்சம் டன், 300 வேலை நாள் என்றால் நாளுக்கு 2,000 டன். லாரிக்கு 20 டன் வீதம் 100 லோடு. ஒவ்வொரு லோடுக்கும் ஒரு காலி லாரி உள்ளே வந்தாக வேண்டும் என்பதால் சாலையில் 200 ஓட்டங்கள். பத்து மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 20. பல அறிக்கைகள் இந்த எண்ணோடு நின்றுவிடும். மூன்று நிமிடத்துக்கு ஒரு லாரி என்று கேட்டால் யாருக்கும் பயம் வராது.

ஆனால் குவாரி அப்படிச் சீராக ஓடுவதில்லை. கட்டுமானம் சூடுபிடிக்கும் மாதங்களில் ஒரு நாள் சராசரியைவிட ஒன்றரை மடங்கு ஏறும். கான்கிரீட் போடும் இடங்களுக்கும் சாலை போடும் இடங்களுக்கும் காலையிலேயே ஜல்லி வேண்டும். வாசல் திறக்கும் முன்பே லாரிகள் வரிசையில் நிற்கும். நமது நிகழ்வில் உச்ச நாளுக்கு 150 லோடு, அதாவது 300 ஓட்டங்கள். அதில் 18 சதவீதம் ஒரே மணி நேரத்தில் என்று எடுத்துக்கொள்வோம். அப்போது 54 ஓட்டங்கள், அவற்றில் வெளியேறும் லோடு லாரிகள் 34, உள்ளே வரும் காலி லாரிகள் 20. சராசரி சொன்ன 20 எங்கே, இந்த 54 எங்கே?

இதைச் சரிபார்க்க எளிய வழி எடை மேடை. ஒற்றை எடை மேடையில் ஒரு லோடு லாரி ஏறி, எடை போட்டு, ரசீது வாங்கி இறங்க ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும் என்றால் மணிக்கு 34 லாரிக்கு மேல் வெளியே வர முடியாது. விரிவாக்கத் திட்டத்தில் இரண்டாவது எடை மேடை இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும். இருந்தால் உச்ச மணிக் கணக்கை மறுபடி போட வேண்டியதுதான்.

சதவீதம் மறைப்பது

கிராமச் சாலையில் இப்போது உச்ச மணிக்கு 140 வண்டிகள், அதில் குவாரி லாரிகள் 18. விரிவாக்கத்துக்குப் பிறகு கூடுதலாக 36 லாரிகள். மொத்த வண்டிகளில் இது 26 சதவீத உயர்வு. லாரிகளை மட்டும் எடுத்தால் மூன்று மடங்கு.

எந்தச் சதவீதத்தை எழுதுகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. பிரிட்டனில் 1993இல் வந்த சுற்றுச்சூழல் வழிகாட்டி ஒன்று, மொத்தப் போக்குவரத்து அல்லது கனரக வண்டிகளின் எண்ணிக்கை 30 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தால் அந்தச் சாலையை விரிவாக ஆராயச் சொன்னது. பள்ளி போன்றவை உள்ள இடங்களில் 10 சதவீத உயர்வே போதும். பள்ளிப் பகுதியைத் தவிர்த்து, மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நமது சாலை 30 என்ற கோட்டுக்குக் கீழே தப்பிவிடுகிறது. லாரிகளைத் தனியாகப் பார்த்தால் தப்பிக்க வழியே இல்லை. வண்டிகளை வகை பிரித்து எண்ணாத கணக்கெடுப்பை நான் கணக்கெடுப்பாகவே சேர்க்க மாட்டேன்.

பக்கத்தில் இன்னும் இரண்டு குவாரிகள் இருந்து, ஒவ்வொன்றும் தன் லாரிகளை மட்டும் காட்டி அனுமதி வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். அனுமதி கிடைத்தும் இன்னும் முழு அளவில் ஓடாத குவாரிகளின் லாரிகள் இன்றைய சாலையில் இருக்காது. கணக்கில் இருந்தாக வேண்டும்.

கொள்ளளவுக் கணக்கு

இதையும் போட்டுத்தான் பார்க்க வேண்டும், சீக்கிரம் முடிந்துவிடும். நெடுஞ்சாலையில் இரு திசையும் சேர்த்து மணிக்கு 400 வண்டிகள். கிராமச் சாலையிலிருந்து வலப்பக்கம் திரும்பும் லாரிதான் மிகக் கடினமான ஓட்டம், இரண்டு திசை வண்டிகளுக்கும் இடையில் அது இடைவெளி தேட வேண்டும். அமெரிக்காவின் ஹைவே கெபாசிட்டி மேனுவல் தரும் முறைப்படி, முச்சந்தியில் இப்படித் திரும்பும் கனரக வண்டிக்குத் தேவைப்படும் இடைவெளி சுமார் 7.4 விநாடி, அடுத்த லாரி பின்தொடர 4.4 விநாடி. சூத்திரத்தில் போட்டால் மணிக்கு 455 வண்டிகள் வெளியேறலாம். நமக்குத் தேவை 34 லாரியும் 70 மற்ற வண்டிகளும், மொத்தம் 104. எல்லாவற்றையும் வலப்பக்கம் திரும்பும் லாரியாகவே வைத்தாலும் கால் பங்கு நிரம்பவில்லை. சராசரித் தாமதம் 15 விநாடி அளவு.

சரி, இடைவெளியைக் கடுமையாக்கி 11.5 விநாடி என்றும், பின்தொடர 7 விநாடி என்றும் வைப்போம். கொள்ளளவு 206 ஆக இறங்குகிறது, தாமதம் 40 விநாடியை நெருங்குகிறது. அப்போதும் பாதிதான் நிரம்பியிருக்கிறது. இவ்வளவு நெருக்கிப் பார்த்தும் கொள்ளளவு சிக்கல் வரவில்லை என்றால் அதை அங்கேயே விட்டுவிடலாம்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். லாரிகள் கூட்டமாக வரும். நான்கு லாரிகள் அடுத்தடுத்து நின்றால், ஒன்றுக்கு 12 மீட்டர் வீதம், வரிசை 48 மீட்டர் நீளும். சந்திப்பிலிருந்து 40 மீட்டரில் ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தால் அது அடைபட்டுவிடும். தாமதத்தின் சராசரியில் இது தெரியாது.

பார்வைத் தொலைவு

இனிதான் விஷயம். முச்சந்தியில் நிற்கும் லாரி ஓட்டுநர் வலப்பக்கம் பார்க்கிறார். நெடுஞ்சாலை அங்கே வளைகிறது. வளைவின் உட்புறம் மண்மேடும் புதரும். நிறுத்தக் கோட்டிலிருந்து 180 மீட்டர் தூரம்தான் தெரிகிறது.

அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கமான ஆஷ்டோ, நின்று திரும்பும் வண்டிக்குத் தேவையான நேர இடைவெளியை வண்டி வகைவாரியாகத் தருகிறது. எதிர் ஓட்டத்தைக் குறுக்கிட்டுத் திரும்ப காருக்கு 7.5 விநாடி, ஒற்றை உடல் லாரிக்கு 9.5, டிரெய்லர் லாரிக்கு 11.5. ஏறுமுகமாக வந்து சேரும் சாலையில் சரிவு 3 சதவீதத்தைத் தாண்டினால், ஒவ்வொரு சதவீதத்துக்கும் 0.2 விநாடி கூட்டச் சொல்கிறது. நமது கிராமச் சாலை 4 சதவீதம் ஏறி வந்து சேர்கிறது. ஆக, ஒற்றை உடல் லாரியான டிப்பருக்கு 9.5 உடன் 0.8 சேர்ந்து 10.3 விநாடி.

நெடுஞ்சாலையில் வேகப் பலகை 60 கிலோமீட்டர் என்கிறது. 10.3 விநாடியில் 60 கிலோமீட்டர் வேக வண்டி 172 மீட்டர் வரும். தெரிவது 180. தேறிவிட்டது என்று அறிக்கையில் எழுதிவிடலாம்.

ஆனால் வேகத்தை அளந்து பார்த்தால், நூற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்று பார்க்கும் வழக்கப்படி, 80 கிலோமீட்டர் வருகிறது. திறந்த வெளியில் அகலமான சாலையில் இது அதிசயம் அல்ல. 80இல் டிப்பருக்குத் தேவை 229 மீட்டர். ஏறக்குறைய 50 மீட்டர் குறைகிறது. காருக்குச் சரிவைக் கூட்டாமல் பார்த்தால் 167 மீட்டரே போதும். அதனால்தான் இத்தனை காலமாக அந்தச் சந்திப்பைப் பற்றி யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. இப்போதும் 18 லாரிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, ஏதோ சமாளிக்கிறார்கள். அந்தச் சமாளிப்பு இனி மூன்று மடங்கு தடவை நடக்க வேண்டியிருக்கும்.

இந்த 10 விநாடி மிகையா என்று சந்தேகம் வரலாம். நேராகவே கணக்கிடலாம். 10 மீட்டர் நீள டிப்பர் நிறுத்தக் கோட்டிலிருந்து கிளம்பி, அருகிலுள்ள தடத்தை விட்டு வால் விலகும்வரை சுமார் 18 மீட்டர் போக வேண்டும். முழு லோடில் ஏற்றத்தில் விநாடிக்கு விநாடி அரை மீட்டர் வீதம் வேகம் கூடினால் அதற்கு 8.5 விநாடி. பார்த்து முடிவெடுத்து கிளட்சை விட ஒன்றரை முதல் இரண்டு விநாடி. மொத்தம் பத்தை ஒட்டித்தான் வருகிறது. கார் இதே வேலையை ஆறு விநாடியில் முடித்துவிடும். லாரி கிளம்பியதிலிருந்து 40 கிலோமீட்டரை எட்ட 22 விநாடியும் 120 மீட்டருக்கு மேலும் ஆகும். அதுவரை பின்னால் வருபவர் பிரேக் மேல் கால் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க சுமார் 130 மீட்டர் போதும் என்பது ஆஷ்டோ கணக்கு. 180 மீட்டரில் லாரியைப் பார்த்துவிட்ட, கவனமான, காய்ந்த சாலையில் வரும் ஓட்டுநர் நின்றுவிடுவார். ஆகவே இந்தச் சந்திப்பைக் கொலைக்களம் என்று எழுதுவதும் தவறு. மிச்சம் இருக்கும் 50 மீட்டரைத்தான் மழையும் சாலையில் சிந்திய ஜல்லியும் கைப்பேசியும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

பார்வையை அளக்கும்போது கண் உயரத்தை மறந்துவிடக் கூடாது. கார் ஓட்டுநரின் கண் 1.08 மீட்டரிலும் லாரி ஓட்டுநரின் கண் 2.33 மீட்டரிலும் இருப்பதாக வடிவமைப்பில் எடுத்துக்கொள்கிறார்கள். மேட்டுக்கு அப்பால் லாரிக்காரருக்கு அதிகம் தெரியும். ஆனால் இடுப்பளவுப் புதரை வெட்டிவிட்டு, தாழத் தொங்கும் மரக்கிளைகளை விட்டுவைத்தால் காருக்குத் திறந்த பார்வை லாரிக்கு மூடியே இருக்கும்.

களத்தில் கிடைப்பவை

விபத்துப் பதிவுகளை வாங்கிப் பார்க்க வேண்டும், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு. ஆனால் கிராமச் சந்திப்பில் விபத்து எண்ணிக்கை ஒன்றிரண்டாகத்தான் இருக்கும். அதை வைத்து ஆபத்து உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் உருவான மோதல் உத்தி முறை இந்த மாதிரி இடங்களுக்குத்தான் உதவும். விபத்துக்காகக் காத்திருக்காமல், மோதலுக்கு ஓரிரு விநாடி முன்பு யாரோ பிரேக் போட்டோ ஒதுங்கியோ தப்பிய தருணங்களை எண்ணுவது அது. பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் சில நாள் உட்கார்ந்தால் போதும்.

அதற்கும் முன்பே தரை நிறையச் சொல்லிவிடும். பிரேக் தடம், உடைந்த கண்ணாடித் தூள், சக்கரம் ஏறி நசுங்கிய ஓரக்கல், திருப்பத்தின் உள்மூலையில் அரைபட்ட மண். லோடு போகும் தடம் குழிந்தும் காலி வரும் தடம் நன்றாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணிக்கை எடுக்காமலேயே பாதிக் கதை அங்கே தெரியும்.

உள்மூலை அரைபடக் காரணம் பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் போகாமல் உள்ளே வெட்டுவதுதான். 5.5 மீட்டர் அச்சு இடைவெளி உள்ள டிப்பர் 12 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் இந்த வெட்டு 1.3 மீட்டர் வரை வரும். 4 மீட்டர் இழுவை வண்டியும் 9 மீட்டர் டிரெய்லரும் 14 மீட்டர் ஆரத்தில் சுற்றினால் 4 மீட்டர். இவை தொடர்ந்து வட்டமடித்தால் வரும் உச்ச அளவுகள், 90 பாகைத் திருப்பத்தில் இதைவிடக் குறையும். குறைந்தாலும், ஓட்டுநர் பின்சக்கரத்தை மண்ணில் இறக்காமல் இருக்க வேண்டுமானால் முன்பக்கத்தை எதிர்த் தடத்துக்குள் விட வேண்டும். கிராமச் சாலை முனையில் ஒரு கார் காத்திருந்தால் உள்ளே திரும்பும் லாரி நெடுஞ்சாலையிலேயே நின்றுவிடும்.

காலி லாரி ஆபத்தில்லாதது என்று நினைப்பவர்களுக்காக: வலப்பக்கம் திரும்பி உள்ளே வர வேண்டிய காலி லாரி நெடுஞ்சாலை நடுவில் நின்று எதிர் ஓட்டம் ஓயக் காத்திருக்கிறது. பின்னால் 80இல் வருபவருக்கு அது ஒரு சுவர். அவர் இடப்பக்க மண் ஓரத்தில் இறங்கிப் போவார். நாளடைவில் தார் விளிம்பு உடையும். பின்புற மோதலுக்கான இடம் இதுதான். லோடு லாரிகளை மட்டும் எண்ணுகிற அறிக்கையில் இது வரவே வராது.

சாலையின் உடல்

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா அருகே ஆஷோ (ஆஷ்டோவின் பழைய பெயர்) நடத்திய சாலைச் சோதனையிலிருந்து நான்காம் அடுக்கு விதி பிறந்தது. அச்சுச் சுமை கூடினால் சேதம் அதன் நான்காம் அடுக்கில் கூடும். 8.16 டன்னை நிலையான அச்சாக வைத்தால் 10 டன் அச்சு 2.25 மடங்கு சேதம் செய்யும். 0.6 டன் கார் அச்சோடு ஒப்பிட்டால் அது எழுபதாயிரம் மடங்குக்கும் மேல். அச்சுச் சுமை 20 சதவீதம் கூடினால் சேதம் இரட்டிப்பாகிறது. இது தோராய விதிதான், மெல்லிய கிராமச் சாலையில் அடுக்கு எண் மாறும். ஆனாலும் கார்களைக் கூட்டிக் கழித்து இந்தக் கணக்கில் ஒன்றும் மாறப்போவதில்லை.

சந்திப்பில் இது இன்னும் மோசம். மெதுவாகப் போகும், நிற்கும் சுமை தாரை அதிக நேரம் அழுத்துகிறது. பிரேக்கும் திருப்பமும் தாரைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. நிறுத்தக் கோட்டுக்கு முன் அலை அலையாக மேடு எழும், மூலையில் ஜல்லி பெயரும். பெயர்ந்த ஜல்லியும் லாரியிலிருந்து சிந்தியதும் வளைவில் கிடந்தால் விழப்போவது இரண்டு சக்கர வண்டிக்காரர். சாலைச் சேதத்தைப் பராமரிப்புப் பிரிவின் வேலை என்று ஒதுக்கி, பாதுகாப்பு அத்தியாயத்தில் சேர்க்காமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை.

பள்ளி நாற்சந்தி

இங்கே வேகம் குறைவு, பார்வை போதும். ஆனால் குவாரியின் உச்ச மணியும் பள்ளி தொடங்கும் நேரமும் ஒன்றாக விழுகின்றன. வழக்கமான தீர்வு, பள்ளி நேரத்தில் லாரிகளுக்கு 45 நிமிடத் தடை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தடை நேரத்தில் லோடு ஏற்றுவது நிற்காது. 45 நிமிடத்தில் எடை மேடையைத் தாண்ட வேண்டிய 25 லாரிகள் சேர்ந்துவிடும். தடை நீங்கியதும் அவை சங்கிலியாகக் கிளம்பும், பள்ளிக்குத் தாமதமாக வரும் பிள்ளை அந்தச் சங்கிலிக்குள் மாட்டும். முச்சந்தியில் வரிசை கணக்கிட்ட 48 மீட்டரைத் தாண்டிவிடும். உள்ளே வர வேண்டிய காலி லாரிகளோ சாலையோரத்தில் நின்று மற்றவர் பார்வையை மறைக்கும். தடை வேண்டும்தான். அதோடு குவாரிக்குள் லாரிகள் நிற்க இடமும், தடைக்குப் பின் நான்கு நிமிடத்துக்கு ஒன்றாக வெளியே விடும் ஏற்பாடும் சேர வேண்டும். அந்த வேகத்தில் 25 லாரி கரைய ஒன்றே முக்கால் மணி நேரத்தை நெருங்கும் என்பதையும், அதற்குள் புதிதாக ஏறும் லோடுகள் பின்னால் சேரும் என்பதையும் குவாரி ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் காலை உச்சத்தையே பள்ளி நேரத்துக்கு முன்னால் நகர்த்துவதுதான் மிச்ச வழி. அப்போது விடியற்காலைச் சத்தம் பற்றி வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், நியாயமாகவே.

என்ன செய்யலாம்

முச்சந்தியில் தேர்வு இரண்டு. மண்மேட்டை வெட்டிப் பார்வையை 229 மீட்டருக்குத் திறக்கலாம்; அல்லது உண்மையான வேகத்தை 60க்கு இறக்கலாம், அப்போது இருக்கும் 180 மீட்டரே போதும். இரண்டாவது செலவு குறைவாகத் தோன்றும். ஆனால் 60 என்ற பலகை ஏற்கனவே அங்கே நிற்கிறது, யாரும் மதிக்கவில்லை. இன்னொரு எச்சரிக்கைப் பலகையால் வேகம் குறையாது. நெடுஞ்சாலையில் வேகத்தடை போட்டால் லோடு லாரி குதித்து ஜல்லி சிந்தும், இரவில் தெரியாமல் வருபவர் தூக்கி எறியப்படுவார். நான் மேட்டை வெட்டச் சொல்வேன். மறுபடி புதர் வளராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அனுமதியின் நிபந்தனையாகவே எழுத வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் பழையபடி ஆகிவிடும்.

அதற்கு அடுத்து வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் காலி லாரிக்குத் தனித் தடம், குறைந்தது இரண்டு லாரி நிற்கும் நீளத்துக்கு. மூலைகளை லாரியின் தடத்துக்கு ஏற்ப அகலப்படுத்தி, உள்மூலையைக் கான்கிரீட்டில் போட வேண்டும். வேகம் குறைவான மூலையில் தாரைவிட அது தாங்கும். குவாரி வாசலில் சக்கரம் கழுவும் தொட்டியும், தார்ப்பாய் கட்டாத லாரிக்கு எடை ரசீது இல்லை என்ற விதியும் வேண்டும். இந்த விதிக்குச் செலவே இல்லை, ஆனால் நடைமுறையில் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

இவை எல்லாம் விரிவாக்கம் தொடங்கும் முன் முடிய வேண்டும். 2 லட்சம் டன்னிலிருந்து ஒரே தாவலில் 6 லட்சத்துக்குப் போகவிடாமல், முதல் கட்டமாக 4 லட்சம் டன்னுக்கு அனுமதித்து, ஓராண்டு கழித்து எடை மேடைப் பதிவுகளையும் நெடுஞ்சாலை வேகத்தையும் மோதல் எண்ணிக்கையையும் மறுபடி எடுத்துப் பார்க்கலாம். உச்ச மணியில் வெளியேறும் லோடுகள் 34ஐத் தாண்டியிருந்தால் அடுத்த கட்டத்தை நிறுத்தி வைக்க அந்த ஒரு பதிவேடு போதும். அது குவாரியிடமே இருக்கும் என்பதால், நேர முத்திரையோடு மாதாமாதம் ஒப்படைக்கச் சொல்லி நிபந்தனையில் சேர்த்துவிட வேண்டும்.